உப்பின் அளவு

உப்பைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தோமென்றால் வாசகர் நகைக்கக்கூடும். கடலோரப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கும் நமக்கு உப்பிலே என்ன புதுமை இருக்கிறது? குறிஞ்சாக்கேணியில் வீசும் காற்றிலே உப்பு; முற்றத்திலே காயும் கருவாட்டிலே உப்பு; வலை இழுப்பவன் நெற்றியிலிருந்து வழியும் வியர்வையிலும் உப்பு. ஆயினும் ஒரு மனிதனுடைய குருதியில் ஓடும் உப்புக்கும், அவன் பிறந்த ஊருக்கும் செய்யும் தொழிலுக்கும் பெறும் கூலிக்கும் தொடர்புண்டு. அத்தொடர்பை நமக்கு முதலிற் காட்டியது நூலன்று. ஒரு தாயின் கேள்வி.

நம் வகுப்பிலே இருதய நோயுற்ற மாணவியொருத்தி இருந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்; விளையாட்டு நேரத்திலே மரத்தடியில் அமர்ந்து பிறர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருதயத்தின் வால்வு ஒன்றைச் சத்திரசிகிச்சையாற் சீராக்க வேண்டுமென்று வைத்தியர்கள் கூறிப் பல மாதங்கள் கழிந்திருந்தன. ஈற்றில் நாள் குறிக்கப்பட்டுத் தலைநகருக்குச் சென்றவர்கள் சத்திரசிகிச்சை நடைபெறாமலே திரும்பி வந்தார்கள். மறுநாள் அவளுடைய உம்மா கிளினிக் கொப்பியுடன் பாடசாலைக்கு வந்தார்.

“சேர், புள்ளட ரெத்தத்தில உப்பு கொறஞ்சிட்டாம். அதச் சரிப்படுத்தாம நெஞ்சைத் தொறக்க ஏலாதாம். நாங்க கறிக்கு உப்புப் போட்டுத்தானே குடுக்கிறம்? கடல்ல கெடக்கிற உப்பு எங்கட புள்ளைக்கு மட்டும் எப்பிடிக் கொறஞ்சது?”

இலக்கணத்திலே ஐயமென்றால் நாம் அவ்விடத்திலேயே தீர்த்து வைத்திருப்போம். இஃதோ உடலைப் பற்றிய ஐயம். இரசாயனம் கற்பிக்கும் சக ஆசிரியரிடம் கொப்பியைக் காட்டினோம். அவர் ஒரு வரியைச் சுட்டி, “இது கறியுப்பன்று, பொற்றாசியம்” என்றார்.

அன்று மாலை அவர் ஆய்வுகூடத்திலே நமக்கு ஒரு சிறு பாடம் நடத்தினார். கறியுப்பைச் சுவாலையிற் காட்டினார். சுவாலை மஞ்சளாய் எரிந்தது. அது சோடியம். பொற்றாசிய உப்பைக் காட்டினார். மெல்லிய ஊதா நிறம் தோன்றியது. இரண்டையும் கலந்து காட்டியபோது ஊதா மறைந்து மஞ்சள் மட்டுமே தெரிந்தது. ஒரு நீலக் கண்ணாடித் துண்டை நம் கண்முன் பிடித்தார். மஞ்சள் மறைந்து, ஒளிந்திருந்த ஊதா வெளிப்பட்டது. ஒரு காலத்தில் வைத்தியசாலைகளிலே குருதியின் உப்பை அளந்த கருவியும் இந்தச் சுவாலையின் நிறத்தைக் கொண்டே அளந்ததென்றார்.

குருதியிலும் இவ்வாறே. அதன் உப்பிற் பெரும்பங்கு சோடியம். லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமூல் வரை. பொற்றாசியமோ 3.5 முதல் 5 வரையே. அதைவிடக் குறைவாகக் கல்சியமும் மகனீசியமும் உள்ளன. நீரிலே கரைந்து மின்னேற்றம் தாங்கி நிற்கும் இப்பொருள்களை மின்பகுபொருள்கள் என்று நம் பாடநூல்கள் அழைக்கின்றன. உடலிலுள்ள பொற்றாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு கலங்களுக்கு உள்ளேயே இருக்கிறது. உள்ளே 140, வெளியே 4. சோடியத்தின் நிலை இதற்கு நேர்மாறு. இந்த வேறுபாட்டைக் காப்பதற்காகக் கலம் ஒவ்வொன்றும் ஓயாது உழைக்கிறது. சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்வாங்கும் அந்தப் பொறிமுறையை 1957ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஜென்ஸ் ஸ்கூ வெளிப்படுத்தினார். நாற்பதாண்டு கழித்து 1997இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றார். சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வைச் சாடும் நாம் கலத்தளவில் அதனைப் போற்றத்தான் வேண்டியிருக்கிறது. அவ்வேற்றத்தாழ்வு பிறப்பிக்கும் மின்விசையே இருதயத்தின் துடிப்பு.

உப்புக்கும் துடிப்புக்கும் உள்ள உறவை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. 1880களில் இலண்டனிலே சிட்னி ரிங்கர் என்னும் வைத்தியர் தவளையின் இருதயத்தை வெளியே எடுத்து, உப்புநீரில் அது துடிப்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரிற் கரைத்த உப்பில் அது விரைவில் ஓய்ந்துவிடும். ஆனால் அவர் கண்ட ஒரு கரைசலில் இருதயம் நெடுநேரம் துடித்தது. விசாரித்தபோது, அக்கரைசல் தூய நீரிலன்றிக் குழாய் நீரிலே செய்யப்பட்டதென்று தெரிந்தது. நகருக்கு நீர் வழங்கிய கம்பனியின் தண்ணீரிலே கல்சியம் கலந்திருந்தது. அந்தக் கல்சியமே துடிப்பைக் காத்தது. 1883இல் ரிங்கர் இதனை வெளியிட்டார். அவர் பெயர் தாங்கிய கரைசல் இன்றும் உலகெங்கும் வைத்தியசாலைகளிலே நோயாளரின் நாளங்களில் ஏற்றப்படுகிறது.

இருதயத்தைத் துடிக்கச் செய்வது உப்பென்றால் நிறுத்துவதும் உப்பே. துடிக்கும் இருதயத்திலே நுண்ணிய தையல் போடுவது ஓடும் தோணியில் இருந்துகொண்டு ஊசியில் நூல் கோப்பது போன்றது. இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சிறிது நேரம் ஏற்றுக்கொள்ளும் பொறியைக் கொண்டு, 1953 மே 6ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன் வெற்றிகரமாகச் சத்திரசிகிச்சை செய்தார். பொறி கிடைத்தது, இனி இருதயத்தை நிறுத்தும் வழி வேண்டும். 1955இல் இலண்டனைச் சேர்ந்த டெனிஸ் மெல்றோசும் அவருடைய தோழர்களும் பொற்றாசியச் சித்திரேற்றைச் செலுத்தி இருதயத்தை நிறுத்திக் காட்டினர். கலத்துக்கு வெளியே பொற்றாசியம் மிகுந்தால் உள்ளுக்கும் வெளிக்குமுள்ள வேறுபாடு குறைகிறது. இருதயம் தளர்ந்த நிலையில் ஓய்ந்து நிற்கிறது.

ஆனால் மெல்றோசின் கரைசலிலே உப்பு மிகையாயிருந்தது. சில ஆண்டுகளுக்குள் அது இருதயத் தசையையே சிதைக்கிறதென்று தெரிய வந்தது. வைத்தியர்கள் அம்முறையைக் கைவிட்டார்கள். 1970களிலே இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலை ஆய்வாளர் அக்கருத்தை மீட்டெடுத்தனர். அவர்கள் மாற்றியது பெரும்பாலும் அளவைத்தான். லீற்றருக்கு ஏறத்தாழ 16 மில்லிமூல் பொற்றாசியம், அத்துடன் மகனீசியம், சிறிதளவு கல்சியம், குளிர். அதே உப்பு, அதே நோக்கம், அளவு வேறு. வள்ளுவர் ஊடலின் அளவைச் சொல்ல உப்பையே உவமை காட்டியதை வகுப்பிலே எத்தனை முறை விளக்கியிருக்கிறோம்! அவ்வுவமை சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் பொருந்துமென்று நாம் எண்ணியதில்லை.

அக்கூடத்திலே உப்பின் அளவு எவ்வாறெல்லாம் குலைகிறதென்பதைத் தொழிலறிந்த நண்பரொருவர் நமக்கு விளக்கினார். பொறியின் குழாய்களை நிரப்ப ஒன்றரை லீற்றர், சிலவேளை அதற்கும் மேலான திரவம் வேண்டும். அது குருதியோடு கலந்தவுடன் மகனீசியமும் கல்சியமும் நீர்த்துப்போகின்றன. உடலைக் குளிர்விக்கும்போது பொற்றாசியம் கலத்துக்குள் நகர்கிறது. வெப்பமூட்டும்போது வெளியே வருகிறது. குருதி வங்கியிற் சேமித்த குருதியிலே நாள் செல்லச் செல்லச் செங்கலங்களிலிருந்து பொற்றாசியம் கசிந்திருக்கும். அக்குருதி உறையாதிருக்கச் சேர்த்த சித்திரேற்று, நோயாளியின் கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும். பெரியவருக்கு இது பொறுக்கக்கூடியது. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலிலோ மொத்தக் குருதியே ஏறத்தாழக் கால் லீற்றர்தான். பொறியை நிரப்பும் திரவம் அதற்குச் சமமாகவோ அதனினும் மிகையாகவோ இருக்கலாம். அங்கே பழைய குருதி நஞ்சுக்கு ஒப்பாகும்.

இருதயத்தை மீண்டும் துடிக்க விடும் வேளையே யாவரும் மூச்சடக்கும் வேளை. நிறுத்துவதற்குச் செலுத்திய பொற்றாசியம் உடலெங்கும் பரவி அளவை உயர்த்தக்கூடும். சிறிது நேரத்தில் சிறுநீர் பெருகி, அட்ரினலினும் இன்சுலினும் சேர, அளவு மளமளவெனத் தாழவும் கூடும். உயர்ந்தால் இருதயம் தூங்கிவிடும். தாழ்ந்தால் தறிகெட்டுத் துடிக்கும். ஆகவே சத்திரசிகிச்சை நடக்கும்போது மீண்டும் மீண்டும் சில துளி குருதியை எடுத்து அளக்கிறார்கள். சுவாலையின் காலம் போய்விட்டது. இன்று மின்வாய் கொண்ட கருவி சில நிமிடங்களில் விடை தருகிறது. சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர் ஊரறியும். மயக்க மருந்து வைத்தியரையும் பொறியை இயக்குபவரையும் தாதியையும் ஆய்வுகூட ஊழியரையும் ஊர் அறிவதில்லை. உப்பைக் காவல் காப்பவர்கள் அவர்களே. பத்துக் கைகள் ஒன்றுபட்ட உழைப்பிலேயே ஓர் இருதயம் மீளத் துடிக்கிறது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கடலிற் கிடக்கும் உப்பு அவருடைய மகளுக்கு மட்டும் எவ்வாறு குறைந்தது?

வால்வு பழுதடைந்த இருதயம் குருதியை முழுமையாக முன்தள்ள இயலாமல் நுரையீரலிலும் காலிலும் நீரைத் தேங்க விடுகிறது. நீரை வடிப்பதற்கு வைத்தியர் ஒரு குளிசை கொடுக்கிறார். “சலம் போற குளிசை” என்று நம்மவர் அதனைச் சொல்வர். நீர் வடிகிறது, மூச்சு இலகுவாகிறது. ஆனால் அந்நீரோடு பொற்றாசியமும் மகனீசியமும் வெளியேறுகின்றன. ஒரு வாரம் குடித்தால் உடல் ஈடுசெய்துகொள்ளும். இரண்டாண்டு, மூன்றாண்டு குடித்தால் கலங்களின் சேமிப்பே வற்றிப்போகும். இருதயத்துக்கு வலுவூட்ட டிஜொக்சின் என்னும் மருந்தும் சேர்ந்திருந்தால் பொற்றாசியக் குறைவு இன்னும் ஆபத்தானது. அளவான மருந்தே நஞ்சாக மாறும். இத்தகைய நோயாளர்தாம் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நுழையுமுன்னரே குலைந்த உப்போடு வருகிறார்கள்.

குளிசையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அக்குளிசையாலேயே அவள் உயிரோடிருந்தாள். நாம் கேட்பது, அதனை ஏன் அத்தனை ஆண்டு குடிக்க நேர்ந்ததென்பதே. விடை எளிது: காத்திருந்தாள். பட்டியலிலே பெயர் எழுதி முறைக்காகக் காத்திருந்தாள். பட்டியலில் நீளும் ஒவ்வொரு மாதமும் குருதியிலே ஓர் எண்ணாகப் பதிகிறது. பரிசோதனைத் துண்டில் 2.9 என்றிருப்பதைக் காண்போர் அதனை ஓர் உடலின் குறையென்று படிப்பர். அது காத்திருப்பின் அளவுமாகும்.

நோய் தொடங்கிய இடத்தையும் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு ஸ்ரெப்டோகொக்கஸ் என்னும் பற்றீரியாவினால் தொண்டை நோகிறது. பெனிசிலின் கொடுத்தால் தீரும். கொடாது விட்டால் சிலருக்குச் சில வாரங்களின் பின் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வருகிறது. மூட்டுவாதக் காய்ச்சல் எனப்படும் அது மூட்டுகளை விட்டு நீங்கி இருதயத்தில் தழும்பை விட்டுச் செல்கிறது. ஒரே அறையிலே ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீடுகளையே இந்நோய் விரும்புகிறது. செல்வ நாடுகளிலே வீடு விசாலித்தபோதும் மருந்து எட்டியபோதும் இந்நோய் பெருமளவு ஒழிந்தது. நம்மைப் போன்ற நாடுகளில் ஏழையின் வீட்டில் அது இன்னும் குடியிருக்கிறது.

நம் நாட்டிலே இருதய வைத்தியம் இல்லையென்று யாரும் கருத வேண்டாம். நெஞ்சறைச் சத்திரசிகிச்சையில் இலங்கையின் முன்னோடி டொக்டர் ஏ. ரி. எஸ். போல் என்னும் தமிழர். கடலுக்கு அப்பால் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே 1960களின் தொடக்கத்தில் டொக்டர் என். கோபிநாத் இருதயத்தைத் திறந்து செய்த சத்திரசிகிச்சை இந்தியாவில் நிகழ்ந்த முதல் வெற்றிகளுள் ஒன்றாகும். அரச வைத்தியசாலையிலே ஏழைக்கும் கட்டணமின்றி இருதய சத்திரசிகிச்சை செய்யும் நாடு இது. அந்த உரிமையை நாம் பெருமையோடு சொல்லலாம். ஆனால் கட்டணமின்மை வேறு, எட்டுதல் வேறு.

குறிஞ்சாக்கேணியிலிருந்து தலைநகர் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். மீன் பிடிப்பவன் ஒரு கிளினிக் நாளுக்கு இரண்டு நாட் கூலியை இழக்கிறான்; பஸ் செலவு தனி. இங்கே அருகிலுள்ள இடமும் தொலைவாகலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு ஒரு துறை கடந்தோம். மறுதுறையிலே, குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் பணி முடியாதிருந்த 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, பாலத்துக்குப் பதிலாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் மாண்டனர். ஒரு பாலம் பிந்தினால் என்ன நேரும் என்பதை அறிந்த ஊர் இது. சத்திரசிகிச்சை பிந்தினால் என்ன நேரும் என்பதை இவ்வூருக்கு விளக்க வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டு அந்தப் பிந்தலை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. அந்நியச் செலாவணி வற்றியது; ஏப்பிரில் 12ஆம் நாள் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அதற்கு முன்பே, மார்ச்சு 29இல், பேராதனைப் போதனா வைத்தியசாலையிலே மருந்தின்மையால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. நம் மாணவிக்கு இரண்டாம் முறை குறித்த நாளும் அவ்வாண்டிலேயே தள்ளிப்போயிற்று. முதன்முறை அவளுடைய குருதியில் உப்பில்லை. இரண்டாம் முறை நாட்டின் கருவூலத்தில் உப்பில்லை. குறைவு ஒன்றே, இடந்தான் வேறு.

மூன்றாம் முறை சத்திரசிகிச்சை நடந்தது. வால்வு சீராயிற்று. அவள் இப்போது உயர்தர வகுப்பிலே படிக்கிறாள். நோய் மீளாதிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். அவளுக்குக் கிடைத்த இந்த நலம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

வறிய நாட்டினருக்கு ஊக்கமளிக்கும் செய்தியொன்றும் உண்டு. இருதய சத்திரசிகிச்சையின் பின் பொற்றாசியத்தை 4.5க்கு மேலே வைத்திருக்க வேண்டுமென்று பலகாலம் நம்பி, நோயாளருக்கு ஓயாது மருந்தேற்றி வந்தார்கள். பிரித்தானியாவிலும் ஜெர்மனியிலும் 23 நிலையங்களில், முடியுரு நாடிகளுக்கு மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சை பெற்ற 1690 பேரைக் கொண்டு ஆராய்ந்தபோது, 3.6க்குக் கீழே இறங்கினால் மட்டும் கொடுப்பதும் இருதயத் துடிப்பின் சீர்கேட்டைத் தடுப்பதில் அதனினும் குறைந்ததன்று எனத் தெரிந்தது. 2024இல் இம்முடிவு வெளியாயிற்று. மிகையாகக் கொடுப்பதே மேலான வைத்தியமென்று கருத வேண்டியதில்லை. அறிந்து கொடுப்பதே மேலானது. சிக்கனத்தை விஞ்ஞானம் கற்பித்தால் அது நோயாளியைக் காக்கும். சிக்கனத்தைக் கடன்காரர் கற்பித்தால் அது நோயாளியைக் கொல்லும்.

உப்புக் குலைவைச் சத்திரசிகிச்சைக் கூடத்திலே நிமிடங்களில் திருத்திவிடலாம். அக்குலைவை உண்டாக்கிய ஆண்டுகளைத் திருத்துவது அக்கூடத்துக்கு வெளியே உள்ளவர் கடமை. கியூபாவின் பினார் தெல் றியோ மாகாணத்தில் 1986 முதல் 1996 வரை பத்தாண்டு அதனைச் செய்து காட்டினார்கள். வைத்தியருக்கும் தாதியருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நோயைப் பற்றிக் கற்பித்தார்கள்; நோயுற்ற பிள்ளைகளின் பெயரைப் பதிவு செய்து பெனிசிலின் தவறாது சேரச் செய்தார்கள். மூட்டுவாதக் காய்ச்சல் பெரிதும் குறைந்தது. மலைக்கத்தக்க கருவியெதுவும் அங்கே பயன்படவில்லை. 2018இல் உலக சுகாதாரப் பேரவையும் இந்நோயைத் தடுக்குமாறு நாடுகளைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

இச்சஞ்சிகையைப் படிப்போரிற் பலர் ஆசிரியர். இன்னும் பலர் ஆசிரியராகப் போகும் மாணவர். ஒவ்வொரு நாளும் நாற்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பவர் வைத்தியருமல்லர், அமைச்சருமல்லர், நாமே. தொண்டை நோவென்று ஒரு பிள்ளை சொன்னால் அதனைப் பாடத்துக்கு இடையூறென்று தள்ளாது வைத்தியரிடம் அனுப்பச் செய்வோம். முழங்கால் வீங்கி, பின் மணிக்கட்டு வீங்கி, காய்ச்சலோடு வரும் பிள்ளையை வளரும் பருவத்து நோவென்று ஆறுதல் கூறி விட்டுவிடாதிருப்போம். ஊசி நாளிலே வராத மாணவனுக்கு வரவுப் பதிவேட்டிலே சிவப்புக் கோடு போடாதிருப்போம். நீர் வடிக்கும் குளிசை குடிக்கும் பிள்ளையின் பொற்றாசியத்தை அளக்கும் கருவி எல்லா மாவட்ட வைத்தியசாலைகளிலும் பழுதின்றி இயங்க வேண்டுமென்றும், அளப்பதற்காக ஒருவர் 250 கிலோமீற்றர் போகலாகாதென்றும், பட்டியலிலே எத்தனை பேர் எத்தனை மாதம் காத்திருக்கிறார் என்பதை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டுமென்றும் சங்கங்களின் மேடையிற் கேட்போம். சம்பள உயர்வுக்காக ஒன்றுகூடத் தெரிந்த நமக்கு இது அரிதன்று.

குருதியின் உப்பை நிமிடத்துக்கு நிமிடம் அளந்து காக்கும் அறிவு மனிதனுக்கு வந்துவிட்டது. அவ்வறிவு சத்திரசிகிச்சைக் கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் தொண்டை நோவு முதல் அவளுடைய இருதயம் திறக்கப்படும் நாள்வரை உள்ள நெடுவழி முழுவதிலும் அதே கவனத்தோடு, அதே அளவோடு, அவளைக் காக்கும் சமுதாயமே நாகரிகச் சமுதாயம். அதனை ஆக்குவதற்கு வேண்டிய மூலப்பொருள்களிற் பெரும்பங்கு நம் கையிலேயே இருக்கிறது. கடலோரத்திலே உப்பு இருப்பதைப் போல.